உலர்ந்தது, இறுகவில்லை

டிங்கரிங் கடையிலிருந்து பழைய கார் ஒன்று புதுப் பெயின்ட்டோடு வெளியே வரும் நாளில், வேலை முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கையால் தடவினால் ஒட்டவில்லை. கதவில் முகம் பார்க்கலாம் போல மின்னுகிறது. ஆனால் அந்தப் பளபளப்புக்கு அடியில் ஒரு வேதிவினை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அது அடங்கச் சில வாரங்கள் ஆகும். சில வகைப் பெயின்ட்டில் மாதங்களே ஆகும். இந்த இடைப்பட்ட காலத்தில் சொந்தக்காரர் காட்டும் அவசர அக்கறைதான் புதுப் பெயின்ட்டுக்கு முதல் ஆபத்து. உறை போட்டு மூடுவது, மெழுகு தேய்ப்பது, தினமும் துணியால் துடைப்பது என எல்லாமே நல்லெண்ணத்தில் செய்யப்படுபவை. நேரம் தவறினால் எல்லாமே கெடுதல்.

இந்த அத்தியாயத்துக்கு ஸ்டாண்டர்ட் ஹெரால்டை எடுத்துக்கொள்கிறேன். 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டாக வந்த வண்டி, இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கெலொட்டி வரைந்தது. 1961 முதல் சென்னைக்குத் தெற்கே, வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆலையில் நம் ஊர் வண்டியாகவே ஆனது. அம்பாசடரில் பாடி முழுவதும் ஒரே கூடாக வெல்டு செய்யப்பட்டிருக்கும். ஹெரால்டு அப்படியல்ல. தனி சேஸிஸின் மேல் பாடியின் பகுதிகளை போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். பானெட், முன் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். பெயின்டருக்கு இது வரம். ஒவ்வொரு பகுதியையும் கழற்றி, உள்மடிப்பு வரை ஸ்ப்ரே கன்னைக் கொண்டுபோய் அடிக்கலாம். பின்னால் அந்தப் பெயின்ட்டைக் காப்பவருக்கோ இதுவே கூடுதல் வேலை. எத்தனை இணைப்போ அத்தனை ஓரம். திரவமாக இருக்கும்போது பெயின்ட் தன் பரப்பு இழுவிசையால் கூரான விளிம்பிலிருந்து பின்வாங்கிவிடும். ஆகவே ஓரத்தில்தான் படலம் மிக மெல்லியது. ஹெரால்டின் பின் மட்கார்டில் ஓடும் கூர்மையான மடிப்பும், ஹெட்லைட்டுக்கு மேல் புருவம்போல் நீண்டிருக்கும் விளிம்பும் முதலில் தேய்வது இதனால்தான்.

எந்தப் பெயின்ட் அடித்திருக்கிறது என்று தெரியாமல் பராமரிப்பைப் பேச முடியாது. காரில் அடிக்கும் பெயின்ட் மூன்று விதமாகக் கெட்டியாகிறது. முதல் வகையில் கரைப்பான் ஆவியாகிப் போகிறது, அவ்வளவுதான். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் இந்த வகை, கடையில் என்.சி. என்று கேட்டால் கிடைக்கும். பருத்தி இழையை நைட்ரிக், சல்ஃபியூரிக் அமிலக் கலவையில் ஊறவைத்துப் பெறும் பொருள் இது, வெடிபஞ்சின் நெருங்கிய உறவு. 1920களின் தொடக்கம் வரை பெரும்பாலான கார்களுக்கு எண்ணெய் வார்னிஷ்தான். அடுக்கடுக்காகப் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். 1923இல் ட்யூபான்ட் நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸும் ஓக்லாண்ட் கார்களில் டூகோ என்ற லாக்கரைக் கொண்டுவந்தபோது அந்த வாரங்கள் மணிக்கணக்காகச் சுருங்கின. ஃபோர்டு மாடல் டி கறுப்பில் மட்டுமே வந்துகொண்டிருந்த காலம் அது. கார்கள் வண்ணம் கண்டதில் இந்த வேதியியலுக்குப் பெரிய பங்கு உண்டு.

லாக்கரில் மூலக்கூறுகள் அருகருகே கிடக்கின்றனவே தவிர ஒன்றோடொன்று பிணைவதில்லை. அதனால் 50 ஆண்டு கழித்தும் தின்னர் பட்டால் கரையும். வளைந்துகொடுப்பதற்காகச் சேர்த்த இளக்கிப் பொருள்கள் காலப்போக்கில் வெளியேற, படலம் விறைத்து மெல்லிய வெடிப்புகள் விடும். ஆலையில் அடித்த லாக்கர் இன்னும் ஒழுங்காக மிஞ்சியிருக்கும் வண்டி கிடைத்தால், தயவுசெய்து அதைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடிக்காதீர்கள். சற்று மங்கிய அசல் பெயின்ட் திரும்பக் கிடைக்காத ஆவணம்.

இரண்டாவது வகை சிந்தெடிக் எனாமல். கரைப்பான் போனபிறகு படலத்திலுள்ள எண்ணெய்ப் பகுதி காற்றிலிருந்து ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு பிணையத் தொடங்குகிறது. மேலே தோல் கட்டிவிடும். அடிவரை இறுகப் பல மாதம் பிடிக்கும். இதற்குத் தேவை காற்று. அடித்த சில நாளில் பிளாஸ்டிக் உறையால் மூடினால் வினைக்கான மூலப்பொருளையே அடைத்துவிட்டோம் என்று அர்த்தம்.

மூன்றாவதுதான் இன்று பெரும்பாலான மறுசீரமைப்பில் அடிக்கப்படுவது: டூ-கே. பெயின்ட் ஒரு டப்பா, ஹார்ட்னர் ஒரு டப்பா. கலந்தவுடன் வினை தொடங்கிவிடும். 1937இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயர் குழு கண்டறிந்த பாலியூரித்தேன் வேதியியல்தான் இதன் அடிப்படை. பெயின்ட்டில் ஹைட்ராக்சில் கைகள் நீட்டிய பிசின் இருக்கிறது; ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடமெல்லாம் ஒரு பிணைப்பு. கரையில் உட்கார்ந்து மீனவர் வலை பின்னும்போது முடிச்சுக்கு முடிச்சு நூலின் ஆட்டம் குறைந்துகொண்டே வருவதுபோல, பிணைப்புகள் கூடக்கூட மூலக்கூறுகளின் நடமாட்டம் குறைகிறது. ஒரு கட்டத்தில், வினையாற்றக் கைகள் மிச்சமிருந்தும் ஒன்றையொன்று தேடிப் போக முடியாமல் நின்றுவிடுகின்றன. படலம் கண்ணாடிபோல் உறைந்த நிலை இது. சுற்றுப்புறம் சூடாக இருந்தால் இந்த உறைவு தள்ளிப்போகும், பிணைப்புகள் மேலும் கூடும்.

சூடு ஏன் முக்கியம் என்பது இங்கே விளங்குகிறது. புதிய கார் ஆலையில் ரப்பரும் வயரும் சீட்டும் இல்லாத வெறும் பாடியைச் சுமார் 140 டிகிரி செல்சியஸ் அடுப்பில் சுடுகிறார்கள். வெளியே வரும்போது பெயின்ட் வேலை உண்மையாகவே முடிந்திருக்கிறது. வசதியான மறுபெயின்ட் கடையில் பூத் எனும் மூடிய அறைக்குள் தகடு 60 டிகிரிக்கு அரைமணி நேரம் சூடேறும். வினையின் பெரும்பகுதி நடந்துவிடும், மிச்சம் பின்னால். பூத் இல்லாத சிறு கடையில் ஷெட்டின் நிழலும் வெயிலும்தான் அடுப்பு. நம் ஊர் வெப்பம் இதற்குச் சாதகமே. ஆனால் அடித்த உடனே உச்சி வெயிலில் நிறுத்தினால் மேற்பரப்பு முதலில் தோல் கட்டி, அடியில் சிக்கிய கரைப்பான் பின்னால் கிளம்பி ஊசிமுனைக் கொப்புளங்களை விட்டுச் செல்லும்.

வெப்பம் சாதகம் என்றால், ஈரப்பதம் எதிரி. ஐசோசயனேட் நீராவியோடும் வினைபுரியும்; அப்போது கார்பன் டை ஆக்சைடு வெளியாகிப் படலத்துக்குள் குமிழிடும். லாக்கரில் வேறு விதமான கெடுதல். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் பனிபோல் படியும். பெயின்ட் பால் ஊற்றியதுபோல் வெளுக்கும். தகட்டின் வெப்பநிலை, ஈரம் படியத் தொடங்கும் பனிப்புள்ளிக்கு மேல் குறைந்தது 3 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது பெயின்ட் துறையின் பொதுவிதி. புழுதி அடங்க ஷெட் தரையில் தண்ணீர் தெளிப்பது நம் பெயின்டர்களின் பழைய உத்தி. புழுதிக்கு அது சரி, ஐப்பசி மழைநாளில் அந்தத் தண்ணீரே வினையைக் குழப்பும். மார்கழி கழிந்து தையிலோ மாசியிலோ பெயின்ட் அடிக்கச் சொல்வேன்.

பெயின்டரின் உடல்நலத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஐசோசயனேட் புகை தொழில்வழி ஆஸ்துமாவின் முக்கியக் காரணங்களில் ஒன்று. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு மிகச் சிறு அளவே போதும், மூச்சு இழுக்கும். மூக்கில் கட்டும் கைக்குட்டை இதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தக் காற்றைக் குழாய் வழியே கொண்டுவரும் முகமூடிதான் பாதுகாப்பு. விலை பேசும்போது அதற்கும் சேர்த்துக் கொடுப்பது நம் கடமை.

இனி வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது.

“அண்ணே, பாலிஷ் எப்போ போடலாம்?” என்று கேட்டால், அனுபவமுள்ள பெயின்டர் எவரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: “மூணு மாசம் கை வைக்காதீங்க சார்.” காற்றில் உலர்ந்த பெயின்ட்டுக்கு மெழுகு, சீலன்ட் போட 60 முதல் 90 நாள் பொறுக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல், பூத்தில் சுட்டதற்கு 30 நாள் என்பார்கள். பெயின்ட் தயாரித்த நிறுவனத்தின் தொழில்நுட்பத் தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே கடைசிச் சொல். பெயின்ட் மூச்சு விட வேண்டும் என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு, ஆனால் முழு உண்மை இல்லை. மெழுகுப் படலம் அவ்வளவு மெல்லியது. சிறு கரைப்பான் மூலக்கூறுகள் அதையும் தாண்டி மெல்ல வெளியேறிவிடும். என் பார்வையில் பெரிய ஆபத்துகள் வேறு. மெழுகுப் பசையிலேயே கரைப்பான் இருக்கிறது. இளகிய படலத்தை அது மேலும் இளக்கும். தேய்க்கும் கை கோடு போடும். அதில் சிலிக்கோன் இருந்துவிட்டால், பெயின்டர் திரும்ப வந்து ஒரு குறையைச் சரிசெய்ய ஸ்ப்ரே பிடிக்கும்போது புதுப் பெயின்ட் அந்த இடத்தில் நிற்காமல் மீன்கண்போல் வட்டவட்டமாக விலகும்.

குறை வரும் என்பதையும் எதிர்பார்த்தே இருக்க வேண்டும். முதல் சில வாரங்களில் பளபளப்பு ஓரளவு இறங்குவது இயல்பு. மிச்சக் கரைப்பான் வெளியேற, படலம் சுருங்கி, அடியிலிருக்கும் வாட்டர் பேப்பர் கோடுகளின்மேல் படிந்துகொள்கிறது. பட்டி போட்ட இடத்தின் எல்லை நிழல்போல் தெரியவும் கூடும். இதைப் பார்த்துப் பதறி உடனே மெஷின் பாலிஷ் போட்டால், இன்னும் சுருங்க இருக்கும் படலத்தையே தேய்க்கிறோம். அடங்கியபின் ஒருமுறை பாலிஷ் செய்தால் போதும்.

இந்தக் காலத்தில் வண்டி இருக்க வேண்டிய இடம் நிழலும் காற்றும் உள்ள கார் ஷெட். உறை வேண்டாம். காற்றோடாத உறைக்குள் ஈரமும் கரைப்பான் ஆவியும் தேங்கி, உறையின் நெசவு பெயின்ட்டில் பதிந்துவிடும். ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். முதல் ஒரு வாரம் கழுவவும் வேண்டாம். அதன்பின் வெறும் தண்ணீரும் நடுநிலை ஷாம்பூவும் போதும். ஹெரால்டு போன்ற வண்டியில் பிரேக் ஆயில் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில் கிளைக்கால் ஈதர்களால் ஆனது. பெயின்ட்டை இளக்கி உரித்துவிடும். சிந்தினால் துடைக்கக் கூடாது, தண்ணீரைத் தாராளமாக ஊற்ற வேண்டும். அது நீரில் கரையும் பொருள், துடைத்தால் பரவும்.

பெயின்ட் முழுதாக இறுகும் முன்பே ஆயுத பூஜை வந்துவிட்டால் என்ன செய்வது? புதுப் பெயின்ட் அடித்த வண்டிக்குப் பொட்டு வைக்காமல் இருக்க யாருக்கும் மனம் வராது, வைக்கத்தான் வேண்டும். எங்கே வைப்பது என்பதில்தான் அறிவியல் இருக்கிறது. மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்க்குமின் தண்ணீரில் கரையாது, கரிமக் கரைப்பான்களில் கரையும். கரைப்பான் இன்னும் மிச்சமிருக்கும் படலம் அதற்கு நல்ல வழி; நிறம் மேலே நிற்காமல் உள்ளே இறங்கிவிடும். முறைப்படி செய்த குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தது, காரத்தன்மை உடையது. கடைக் குங்குமத்தில் செயற்கைச் சாயமும் இருக்கும். வெள்ளை, கிரீம் நிற வண்டியின் பானெட்டில் வைத்த பொட்டு வருடக்கணக்கில் இளஞ்சிவப்புக் கறையாய் நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். முன்கண்ணாடியில் வையுங்கள், குரோம் பம்பரில் வையுங்கள். அங்கே எதுவும் ஊறாது. மாலையைக் கம்பியால் கட்டாமல் பருத்தி நூலால் கட்டி, சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுங்கள். டயருக்கடியில் நசுங்கிய எலுமிச்சையின் சாறு மட்கார்டு ஓரத்தில் தெறித்திருந்தால் அன்றே கழுவிவிட வேண்டும்.

காக்கையும் மைனாவும் நாள் பார்த்து வருவதில்லை. பறவை எச்சத்தின் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். கூடவே செரிமான நொதிகளும் இருக்கின்றன. ஈரானிய ஆய்வாளர்கள் எச்சத்துக்கு ஈடாகப் பான்கிரியாட்டின் என்ற நொதிக் கலவையை, நிறத்துக்கு மேல் அடிக்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற படலத்தின்மேல் இட்டுச் சோதித்தபோது, பிசினின் எஸ்டர் பிணைப்புகளை அது நீராற்பகுத்து அரிப்பதைக் கண்டார்கள். எச்சம் பெயின்ட்டைக் கெடுக்க இன்னொரு காரணம் வெறும் இயற்பியல். வெயிலில் அடர்நிறக் காரின் கூரை 70 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் பெயின்ட் இளகி விரிகிறது. அதன்மேல் எச்சம் காய்ந்து கெட்டியாகிறது. சாயங்காலம் குளிரும்போது பெயின்ட் சுருங்கி, எச்சத்தின் சொரசொரப்பான அச்சைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் எச்சத்தை எடுத்த பிறகும் அந்த இடம் மங்கலாகத் தெரிகிறது. காய்ந்த எச்சத்தைச் சுரண்டாதீர்கள்; அதில் மணலும் விதையும் இருக்கும். ஈரத்துணியை அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டு, ஊறியபின் தூக்கி எடுங்கள். மாமரத்தடியும் வேண்டாம். தத்துப்பூச்சி சொரியும் பிசுபிசுப்பான சர்க்கரைத் துளிகள் வெயிலில் வெந்து ஒட்டிக்கொள்ளும்.

தண்ணீர் பாதுகாப்பானது என்று நினைப்போம். சென்னையின் பல பகுதிகளில் போர் தண்ணீர் கடினமானது. அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், துளி காயும்போது கார்பனேட்டாக மாறி வெள்ளை வளையமாகப் படிகிறது. அன்றே துடைத்தால் போகும். விட்டுவிட்டால் வெயிலின் சூடு அதைப் பதித்துவிடும். பிறகு நீர்த்த வினிகரைத் தொட்டு எடுக்க வேண்டியிருக்கும், அதுவும் பெயின்ட் முழுதாக இறுகிய பின்புதான். இன்னொரு பழக்கத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் ஆர்.ஓ. மெஷினின் கழிவு நீரை வாளியில் பிடித்துக் காருக்கு ஊற்றுகிறோம். சிக்கன நோக்கம் உயர்ந்தது. ஆனால் ஆர்.ஓ. சவ்வு உப்பையெல்லாம் தள்ளிவிடுவது அந்தக் கழிவு நீரில்தான். பாதித் தண்ணீர் கழிவாகப் போகிறது என்றால் அதில் உப்பு ஏறக்குறைய இருமடங்கு. வாசல் கழுவ அது போதும். காருக்குக் கடைசி அலசல் மழைநீர்த் தொட்டியிலிருந்து இருந்தால் மிக நல்லது. இல்லாவிட்டால் எந்த நீரானாலும் தானாகக் காய விடாமல் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

இப்போது இறுகிய பெயின்ட்டின் அன்றாட எதிரிக்கு வருவோம்: காலையில் ஒரு வாளி, ஒரு துணி. இரவில் படிந்த தூசியில் மணல்துகள் உண்டு. மணலின் குவார்ட்ஸ் மோஸ் அளவுகோலில் 7ஆம் இடம், எஃகையே கீறக்கூடியது. கிளியர் கோட் வெறும் பிளாஸ்டிக். ஈரத்துணி அந்தத் துகள்களைப் பிடித்துக்கொண்டு பானெட் முழுவதும் இழுத்துச் செல்கிறது. வாளியில் முக்கினால் துகள் அடியில் தங்குவதில்லை. துணியோடு திரும்பி வருகிறது.

இருட்டிய ஷெட்டில் ஒரு டார்ச்சை அடித்துப் பாருங்கள். ஒளிப்புள்ளியைச் சுற்றிச் சிலந்திவலைபோல் வட்டமான கோடுகள் தெரியும். டார்ச்சை நகர்த்தினால் வட்டங்களும் கூடவே நகரும். யாரோ வட்டவட்டமாகத் துடைத்ததால் வந்தவை என்று தோன்றும். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. ஒவ்வொரு கீறலும் ஒரு குட்டிப் பள்ளத்தாக்கு. அதன் சுவர் தன் நீளத்துக்குக் குறுக்காக மட்டுமே ஒளியைச் சிதறடிக்கும். ஆகவே ஒளிப்புள்ளியைச் சுற்றித் தொடுகோட்டுத் திசையில் கிடக்கும் கீறல்கள் மட்டும் நம் கண்ணுக்கு ஒளியை அனுப்புகின்றன, மற்றவை மறைந்துகொள்கின்றன. மூளை மிஞ்சியதைக் கோத்து வட்டமாகப் பார்க்கிறது. கறுப்பு ஹெரால்டில் இது பளிச்சென்று தெரியும், வெள்ளையில் தெரியாது. கீறல் இரண்டிலும் ஒரே அளவுதான்.

எனவே துணி படும் முன் குழாய்த் தண்ணீரால் தூசியை அடித்துப் போக்க வேண்டும். இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் ஷாம்பூ, ஒன்றில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு பகுதியைத் துடைத்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிய பிறகே ஷாம்பூ வாளிக்குப் போக வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். சேறு தங்கும் அடிப்பகுதி கடைசி. அந்தத் துணி மேலே திரும்பக் கூடாது. மைக்ரோஃபைபர் துணியின் பிளந்த இழைகள் துகளை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால் பழைய பனியனைவிட அது எவ்வளவோ மேல், கீழே விழாதவரை. விழுந்துவிட்டால் அன்று அதை டயருக்குக் கொடுத்துவிடுங்கள். தினமும் துடைப்பதை நிறுத்துவதுதான் செலவில்லாத பெரிய பராமரிப்பு. ஓடாமல் நிற்கும் வண்டியின்மேல் தூசி சும்மா கிடந்தால் ஒரு கெடுதலும் இல்லை.

எல்லாவற்றையும்விடப் பொறுமையாகச் சேதம் செய்வது வெயில். பெயின்ட் நிறுவனங்கள் உலகெங்கும் தங்கள் தயாரிப்பைச் சோதிக்கத் தென் ஃப்ளோரிடாவிலும் அரிசோனாவிலும் தகடுகளை வெயிலில் கிடத்துகின்றன. ஃப்ளோரிடா வெப்பமும் ஈரமும், அரிசோனா வெப்பமும் வறட்சியும். நம் கடற்கரை நகரங்கள் ஃப்ளோரிடா ரகம். 290 முதல் 400 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாக் கதிருக்குப் பிசினின் பிணைப்புகளை உடைக்கும் ஆற்றல் உண்டு. வெள்ளைப் பெயின்ட்டின் டைட்டானியம் டை ஆக்சைடு இதில் தானும் பங்கெடுக்கும். கதிர் பட்டதும் நீரையும் ஆக்ஸிஜனையும் கொண்டு வீரியமான துகள்களை உருவாக்கி, தன்னைச் சுற்றியுள்ள பிசினையே அரிக்கும். பிடிப்பு போன நிறமி மாவாக மேலே நிற்கிறது. பழைய வெள்ளை அம்பாசடரில் சாய்ந்தால் சட்டையில் ஒட்டும் சுண்ணாம்புப் பொடி அதுதான்.

இன்றைய கிளியர் கோட்டில் புற ஊதாவை விழுங்கும் பொருள்களும், உடைந்த துணுக்குகளை அடக்கும் அமீன் நிலைப்படுத்திகளும் சேர்க்கப்படுகின்றன. அவை வேலை செய்ய ஆழம் வேண்டும். கிளியர் கோட்டின் தடிமன் பொதுவாக 40 முதல் 60 மைக்ரான். தலைமுடி ஒன்றைவிட மெல்லியது. ஒவ்வொரு முறை ரப்பிங் காம்பவுண்ட் போட்டு மெஷின் ஓட்டும்போதும் ஓரிரு மைக்ரான் போகிறது. கடையில் மாதாமாதம் பாலிஷ் என்று ஒரு திட்டம் சொன்னால் மறுத்துவிடுங்கள். படலம் மெலிய மெலிய, அடியிலுள்ள நிறத்துக்குப் போய்ச் சேரும் கதிர் கூடுகிறது. பளபளப்புக்காக ஆயுளைக் கொடுக்கிறோம். ஹெரால்டின் மடிப்பு விளிம்புகளில் மெஷினின் அழுத்தமும் அங்கேயே குவியும் என்பதால், அந்த ஓரங்களில் டேப் ஒட்டிவிட்டுத்தான் மெஷினை எடுக்க வேண்டும். பாலிஷ் துணியில் வண்டியின் நிறமே ஒட்டினால் கிளியர் கோட் இல்லாத ஒற்றை அடுக்குப் பெயின்ட் என்று தெரிந்துகொள்ளலாம். அதில் தேய்வது நேரடியாக நிறமே.

மூன்று மாதம் ஆனபின் மெழுகு போடலாம். வடகிழக்கு பிரேசிலின் ஒரு பனைமர ஓலையில் கிடைக்கும் கர்னௌபா மெழுகு ஏறத்தாழ 82 முதல் 86 டிகிரியில் உருகும். இயற்கை மெழுகுகளிலேயே மிகக் கெட்டியான ஒன்று. அதற்கே நம் சித்திரை வெயிலில் காயும் கூரை பக்கத்தில் வந்துவிடுகிறது. நிழலில் நிற்கும் வண்டிக்கு அழகாகப் பொருந்தும், சில வாரங்களுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். செயற்கைப் பாலிமர் சீலன்ட்டுகள் கூடுதல் காலம் நிற்கும். சிலிக்கா அடிப்படையிலான செராமிக் கோட்டிங் அதற்கும் மேல். எச்சமும் பிசினும் எளிதில் கழுவப்படும், அது உண்மையான பலன். ஆனால் விளம்பரத்தில் வரும் 9எச் கடினத்தன்மை பென்சில் சோதனையின் அளவு. பென்சிலின் மிகக் கெட்டியான முனையால் கீறல் விழவில்லை என்பது மட்டுமே அதன் பொருள், வைரத்துக்கு அடுத்தபடி என்பதல்ல. பெரும்பாலும் ஓரிரு மைக்ரான் கனமுள்ள அந்தப் படலம் மணலுக்கு முன் நிற்காது. ஒட்டும் பாலியூரித்தேன் ஃபிலிம் கல்லடியை உண்மையாகவே தாங்கும்; ஆனால் பழைய தகட்டின்மேல் பட்டி, பிரைமர், பெயின்ட் என்று அடுக்கிய மறுபெயின்ட்டில், ஃபிலிமைப் பின்னால் உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரலாம். பழைய காருக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

மேலே இவ்வளவு பார்த்துப்பார்த்துச் செய்தும், பழைய காரின் புதுப் பெயின்ட் பெரும்பாலும் சாவது உள்ளிருந்துதான். இரும்பு துருவாகும்போது அதன் கனஅளவு இருமடங்குக்கும் மேல் பெருகும். தகட்டின் உட்புறம் தொடங்கிய துரு வெளிப்புறப் பெயின்ட்டை அடியிலிருந்து கொப்புளமாகத் தூக்கும். கொப்புளம் கண்ணில் படும்போது தகடு பெரும்பாலும் ஓட்டையாகிவிட்டிருக்கும். ஹெரால்டில் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் கதவின் அடிவிளிம்பு, படிக்கட்டுப் பகுதி, டிக்கித் தரை, சேஸிஸின் பக்கக் கிளைகள். கதவுக் கண்ணாடியை ஒட்டிய ரப்பர் பட்டை வழியாக ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியேறவே அடியில் துளைகள் வைத்திருக்கிறார்கள். பெயின்ட் வேலையின்போது பட்டியோ அண்டர்கோட்டோ அந்தத் துளைகளை அடைத்துவிடுவது அடிக்கடி நடப்பது. வண்டியை எடுத்துக்கொள்ளும் அன்றே கதவைத் திறந்து, அடிவிளிம்பை விரலால் தடவி, ஒவ்வொரு துளையும் திறந்திருக்கிறதா என்று மூங்கில் குச்சியால் பார்த்துவிடுங்கள். கம்பி வேண்டாம், பெயின்ட்டைக் கீறும்.

2021இல் வந்த மத்திய விதிப்படி 50 ஆண்டு கடந்த வண்டிகளை விஏ என்ற தனி வரிசையில் பதிவுசெய்யலாம். அவற்றை அன்றாட ஓட்டத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஆக இந்த வண்டிகள் நிற்பதே அதிகம். நிற்கும் வண்டிக்குள் ஈரம் தங்கும். பெசன்ட் நகர், நாகப்பட்டினம் போல உப்புக்காற்று வீசும் ஊரானால் அந்த ஈரத்தில் உப்பும் இருக்கும். மேல் பெயின்ட் முழுதாக இறுகியபின், கதவு, படிக்கட்டு, மட்கார்டு உட்குழிகளில் நீண்ட மூக்குக் குழாயால் கேவிட்டி வாக்ஸ் அடிக்கச் சொல்லுங்கள். அது காயாமல் பிசுபிசுப்பாகவே இருந்து இடுக்குகளுக்குள் ஊர்ந்து போகும் மெழுகு. கல் தெறித்துப் பெயின்ட் பெயர்ந்த புள்ளிகளுக்கு, மீந்த பெயின்ட்டில் ஒரு சிறு டப்பாவைப் பெயின்டரிடம் கேட்டு வாங்கி, கலர் எண்ணையும் கலவை விகிதத்தையும் மூடியில் எழுதி வையுங்கள். ஹார்ட்னரைத் தனி டப்பாவில் காற்றுப் புகாமல் மூட வேண்டும். ஈரம் பட்டால் கெட்டியாகிவிடும். புரட்டாசி முடிவதற்குள் ஒருமுறை துளைகளையும், கல்தெறித்த புள்ளிகளையும், பானெட் திறக்கும் மூட்டுகளையும் பார்த்துவிட்டால், ஐப்பசி மழைக்கு வண்டி தயார்.